டிராகுலாவும் லிங்கி ஆறும்

மேலைநாட்டில் இந்த நூற்றாண்டின் வாயிலில் பிறந்து, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். ஒருவர் சிறு பெட்டி ஒன்றை மழைநீர் புகாதபடி மூடி, மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ மறைத்து வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கை மட்டும் ஊரறியச் சொல்லிவிடுகிறார். தேடிக் கண்டெடுத்தவர், உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான வேறொன்றை வைப்பது மரபு. செயற்கைக்கோள் வழிகாட்டிக் குறிகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார்; அதுவே முதற்பெட்டி. இதற்கும் ஒரு பாட்டன் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர்ப் பொட்டல் வெளியில், கிரான்மியர்க் குளத்தருகே 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு போத்தலை வைத்து, அங்குவரை நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதில் போட்டுச் செல்ல வழிசெய்தாராம்.

இத்தகைய பெட்டிகளில் சில, நூல்களையும் நூலாசிரியர்களையும் போற்றி வைக்கப்படுபவை. கதை நிகழ்ந்த இடத்தில், அல்லது ஆசிரியர் நடந்த தெருவில், பெட்டி ஒளிந்திருக்கும். தேடுபவர் கதையைப் படித்திருந்தால்தான் வழி புலப்படும். பேய்க்கதை நாவல்களில் தலைசிறந்ததாகக் கருதப்படும் 'டிராகுலா'வுக்கும் அதன் ஆசிரியர் பிராம் ஸ்டோக்கருக்கும் ஒரு பெட்டி வைப்பதென்றால், யாரும் முதலில் சொல்லும் ஊர் இங்கிலாந்தின் விட்பி. ஸ்டோக்கர் 1890 கோடையில் அங்கே தங்கினார். 'டிராகுலா' என்ற பெயரே அவ்வூர் நூலகத்துப் பழைய நூல் ஒன்றில்தான் அவர் கண்ணில் பட்டது. நாவலில் பிணம் ஓட்டிவரும் கப்பல் கரை ஒதுங்குவதும் அத்துறைமுகத்தில்தான். அவர் நினைவாக 1980இல் அங்கு ஓர் இருக்கையும் இடப்பட்டது.

ஆனால் நம் நெகிரி செம்பிலானிலும் அப்படியொரு பெட்டி வைக்க நியாயம் இருக்கிறது என்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம். வேடிக்கைக்காகச் சொல்வதன்று, ஆதாரத்தோடு சொல்வது.

நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தில், இரத்தம் குடிக்கும் பிசாசின் இயல்பைத் தம் தோழர்களுக்கு விளக்குகிறார் வான் ஹெல்சிங் என்னும் முதிய பேராசிரியர். மனிதன் வாழ்ந்த நாடெங்கும் அது அறியப்பட்டதே என்று சொல்லி, நாடுகளை வரிசைப்படுத்துகிறார். கிரேக்கம், ரோமாபுரி, ஜெர்மனி, பிரான்சு, இந்தியா, சீனா ஆகியவை வருகின்றன. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஒரு பெயர் நிற்கிறது: கெர்சோனீஸ். பெரும்பாலோர் அச்சொல்லைக் கவனியாமல் கடந்துவிடுவர். கெர்சோனீஸ் என்பது கிரேக்க மொழியில் தீபகற்பம் எனப் பொருள்படும். கிரைமியாவுக்கும் அப்பெயர் வழங்கியதுண்டு; ஆதலால் ஐயம் எழுவது இயற்கை. எனினும் இந்தியாவையும் சீனாவையும் இருபுறமும் வைத்து நடுவில் சொல்லப்படும்போது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி 'பொன் தீபகற்பம்' என்று குறித்த நம் மலாயாவே அது என்று கொள்வதுதான் பொருத்தம்.

வெறும் ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஸ்டோக்கர் ஏழாண்டுகள் உழைத்து இந்நாவலை எழுதினார், டிரான்சில்வேனியாவுக்கு ஒருநாளும் போனவரல்லர், எல்லாம் ஏட்டறிவே. லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாக, நடிகர் ஹென்றி இர்விங்கின் வலக்கையாக இருந்துகொண்டு, கிடைத்த ஓய்வில் நூல்களைத் துருவினார். அவர் கைப்படவும் தட்டச்சிலும் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1913இல் ஏலத்துக்கு வந்து இரண்டு பவுனுக்குச் சற்று அதிகமான விலைக்குப் போயின. இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரோசன்பாக் நூலகத்தில் உள்ளன. 2008இல் அச்சிலும் வந்துவிட்டன. நாவலுக்காக அவர் பார்வையிட்ட நூல்களின் பட்டியல் அக்குறிப்புகளில் இருக்கிறது. ஓநாய் மனிதர் பற்றிய நூல், டிரான்சில்வேனிய மூடநம்பிக்கைகள் பற்றிய கட்டுரை ஆகியவற்றோடு, இசபெல்லா பேர்ட் எழுதி 1883இல் வெளியான 'பொன் கெர்சோனீஸ்' என்ற பிரயாண நூலும் அப்பட்டியலில் உண்டு. வான் ஹெல்சிங்கின் வாயில் அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை.

அந்த நூல் நம்மூர்களைப் பற்றியது. பேர்ட் அம்மையார் 1831இல் யார்க்ஷயரில் பிறந்தவர். நோயாளி என்று மருத்துவர்கள் கைவிட்ட உடம்போடு உலகைச் சுற்றியவர். 1879 ஜனவரியில் சிங்கப்பூர் வந்திறங்கினார். அங்கே தெருவில் நடக்கும் தமிழ்ப் பெண்களின் உடையழகையும் நடையழகையும் வியந்து எழுதுகிறார். நம்மவரை அவர் குறிக்கும் சொல் 'கிளிங்' என்பது. அன்று சாதாரணமாக வழங்கி, பின்னர் இழிசொல்லாகிவிட்ட சொல் அது. பிறகு மலாக்கா வந்து, டச்சுக்காரர் கட்டிய பழைய ஸ்டாட்ஹைஸ் மாளிகையில் தங்கினார். அங்கிருந்து சுங்கை ஊஜோங்குக்குப் புறப்பட்டார். இன்றைய சிரம்பானும் சுற்று வட்டாரமும் அக்காலத்தில் அப்பெயரால்தான் வழங்கின.

இன்று மலாக்காவிலிருந்து சிரம்பானுக்கு மோட்டாரில் போகிறவர், அன்று அந்த அம்மையார் போன விதத்தைக் கேட்டால் நகைப்பார். லிங்கி ஆற்று முகத்துவாரம் வரை ஒரு சிறு நீராவிப் படகு. கூடவே மலாக்கா கவர்னரின் இரு பெண்கள், சுங்கை ஊஜோங் ரெசிடெண்டான காப்டன் மர்ரே. லிங்கியும் ரெம்பாவ் ஆறும் கூடுமிடத்தில் சிம்பாங் என்னும் போலீஸ் காவல்கூடம். மலாய் மொழியில் சிம்பாங் என்றாலே கிளை பிரியும் இடந்தானே. அதற்கு மேல் நாட்டுப்படகு. ஆற்றின் இருகரையிலும் கதிரவன் ஒளி நுழையாத காடு, நீரில் முதலை, படகைத் தடுக்கும் விழுந்த மரங்கள், காதருகே கொசு. பிறகு வண்டிப்பாதையில் ராசா என்னும் ஈயச்சுரங்க ஊர். சீனர் நிறைந்த அவ்வூரைக் கடந்தால் சிரம்பான் ரெசிடென்சி. இந்தப் பகுதியை அம்மையார் எழுதியிருக்கும் முறையில் ஓர் அச்சமும் இன்பமும் கலந்த தொனி இருக்கிறது. நாவலில் ஜொனாதன் ஹார்க்கர் கார்ப்பேத்திய மலைப்பாதையில் இரவு வண்டியில் போகும் பகுதியைப் படித்தவர்களுக்கு, அதே வகைத் தொனி இங்கே முன்னதாகவே ஒலிப்பது போலத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டை விட்டு நெடுந்தொலைவு போய் எழுதும்போது வரும் பொதுத் தொனி அது.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேய் பிசாசுகளைப் பற்றி அம்மையார் விரிவாக எழுதுவது சுங்கை ஊஜோங் கடிதத்தில் அன்று. பேராக்கில், புக்கிட் பெராப்பிட் கணவாயைத் தாண்டித் தைப்பிங் திரும்பிய பிறகு எழுதிய கடிதத்தில். அங்கேதான் 'பெனங்கலான்' வருகிறது. பெண்ணின் உடலைப் பற்றிக்கொண்டு, அவள் தன் உடம்பின் பெரும்பகுதியை விட்டுவிட்டு இரவில் பறந்து போய் மனித இரத்தம் குடிக்கும்படி செய்யும் ஆவி என்று அதை விவரித்து, அராபிய இரவுக் கதைகளில் வரும் ஒன்றை இது ஒத்திருக்கிறது என்றும் சொல்கிறார். ஆகவே ஸ்டோக்கருக்குச் சிரம்பான் தந்தது காடும் ஆறும் ஆகிய பின்னணி. பிசாசைத் தந்தது தைப்பிங். பெட்டியைத் தைப்பிங்கில் வைப்பதே முறை என்று பேராக் அன்பர்கள் வழக்காடினால், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இன்னொரு சாட்சியையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

அந்தச் சாட்சி முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்து, அராபியரும் தமிழரும் கலந்த குடும்பத்தில் வளர்ந்து, சிறுவயதில் தமிழும் கற்றவர். 1849இல் வெளியான அவருடைய 'ஹிகாயத் அப்துல்லா'வில் பெனங்கலானைப் பற்றிய வருணனை இருக்கிறது. தலையும் அதில் தொங்கும் குடலுமாக அது பறந்து வரும். பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றி வட்டமிடும். அதனால் அவ்வீட்டில் ஜெருஜு என்னும் முட்செடியின் இலைகளைத் தொங்கவிடுவர். தொங்கும் குடல் முள்ளில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்தால் அது வாராது. லிங்கிக் கரையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருக்கும் ஊரில் வழங்கிய நம்பிக்கை இது. தமிழ் படித்த ஒருவரின் எழுதுகோலால் அது நூலேறியது என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

முள்ளை மறவாதீர். டிராகுலாவின் பெட்டிமீது காட்டு ரோஜாக் கிளையை வைத்தால் அவன் எழமாட்டான் என்று நாவல் சொல்கிறது. கார்ப்பேத்திய மலைக்கும் மலாக்காவுக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை. ஆயினும் இரத்தம் குடிக்க வருவதை முள் தடுக்கும் என்று இரு நாட்டாரும் எண்ணினர். தமிழரோ பிள்ளை பெற்ற வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர். தாயின் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்தனர். வரக்கூடாதது எது? காட்டேரி. கருவுற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் தேடி வருவதென்று நம் தாய்மார் அஞ்சிய தெய்வம் அது. அஞ்சியதாலேயே வணங்கவும் பட்டது. 'வேம்பயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எவரும் கூடி ஆராய்ந்து சூட்டியதன்று. கதை கேட்டவர்க்கு உடனே விளங்கிய உறவு. ஆனால் கோட்டையில் வாழும் டிராகுலா கோமகனைவிட, பேறுகால வீட்டைச் சுற்றும் பெனங்கலானுக்குத்தான் காட்டேரி நெருங்கிய உறவினள்.

இந்தக் காட்டேரியைக் கொண்டுவந்தவர் தோட்டத் தமிழர். பேர்ட் அம்மையார் வந்த நாளில் சுங்கை ஊஜோங்கில் தோட்டங்கள் இன்னும் தலைதூக்கவில்லை. அம்மையார் கோலகங்சாரில் ஹியூ லோவின் விருந்தினராக இருந்தபோது, அங்கே 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகள் இரண்டு வயதுச் செடிகளாக நின்றன; இந்நாட்டின் தலையெழுத்தை மாற்றப்போகும் மரங்கள் அவையென்று யார் கண்டார்? 1880களில் சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் வந்தன. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இருப்புப்பாதை திறந்தது. 1896இல் நெகிரி செம்பிலான், பேராக், சிலாங்கூர், பகாங் நான்கும் சேர்ந்து கூட்டரசாயின. அதன்பின் ரப்பர். லிங்கி ஆற்றின் நீர்பிடிப்பு நிலமெல்லாம் காடு வெட்டி வரிசையாக மரம் வைத்தனர். ரந்தாவ், லாபு, சிலியாவ், சுவா பெத்தோங் என்று, கங்காணி கூட்டிவந்த தமிழர் லயங்களில் குடியேறிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

'டிராகுலா' வெளியானது 1897 மே 26. அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். லண்டன் வாசகர் கற்பனை இரத்தக்குடியனைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில், உண்மை இரத்தக்குடியன் இந்திய மண்ணில் அகப்பட்டுக்கொண்டது. அதனைத் தொடர்ந்து நம் நாட்டில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் செய்த ஆராய்ச்சி, நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு நேரே பொருந்துவது. தாழ்ந்த கடலோர நிலத்தில் சதுப்பை வடித்தால் நோய் தணிந்தது. மலைப்பாங்கான நிலத்திலோ நேர்மாறு. அங்கே நோய் பரப்பும் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு, தெளிந்து ஓடும், வெயில் படும் ஓடைகளில்தான் முட்டையிடும். காடு நிழல் மூடியிருந்தவரை அதற்கு இடமில்லை. ரப்பருக்காகக் காட்டை வெட்டி, ஓடையின்மேல் வெயில் விழச் செய்த மறுகணமே அது பெருகிற்று. குன்றும் ஓடையுமான நெகிரி செம்பிலானில் காடு வெட்டிய கையே தனக்குக் காய்ச்சலையும் வெட்டிக் கொண்டுவந்தது எனலாம். நிலத்தடிக் குழாய் போட்டு ஓடையை மறைப்பதும், நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும், கொய்னா கொடுப்பதும் பின்னால் வந்த மருந்துகள். அதற்குள் தோட்டத்துச் சுடுகாடுகள் நிரம்பியிருந்தன.

லயத்துத் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. இரவில் ஏதோ வருகிறது, மறுவாரம் பிள்ளை வெளிறிப் போகிறது, மண்ணீரல் வீங்குகிறது, இரத்தமே இல்லாமல் இறக்கிறது. காட்டேரி குடித்துவிட்டது என்று சொன்னாள். அவள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் வரலாற்றின் கொடுமை. இரத்தம் குடித்தது உண்மை. இரவில் வந்தது உண்மை. குடித்தவளின் பெயர் மட்டுமே தவறு. பெண் கொசுதான் இரத்தம் குடிக்கும் என்பதால், 'அவள்' என்று சொன்னதும் தவறாகவில்லை.

இன்னொரு வழியாகவும் நாவலாசிரியர் நம் பக்கம் நெருங்கி வருகிறார். 1878இல் டப்ளினில், ரயில் வண்டியில், இர்விங்கோடு இருந்தபோது ரிச்சர்டு பர்ட்டனை ஸ்டோக்கர் முதன்முறை கண்டார். எஃகு போன்ற அந்த முகத்தையும், பேசும்போது உதடு உயர்ந்து வெளிப்படும் கோரைப்பல்லையும் மறக்கமாட்டாமல், 1906இல் இர்விங்கைப் பற்றி எழுதிய நூலில் பதிவுசெய்தார். டிராகுலாவின் முகத்தில் பர்ட்டனின் சாயல் உண்டென்று கருதுவோர் உளர். அந்தப் பர்ட்டன் 1870இல் வெளியிட்ட நூல் 'விக்ரமும் வேதாளமும்' பற்றியது. ஸ்டோக்கரின் நூற்பட்டியலில் அது இல்லை. ஆகவே அதற்கு மேல் இழுக்கக்கூடாது. ஆனால் சென்னையில் பெரிய எழுத்தில் அச்சான விக்கிரமாதித்தன் கதை கப்பலேறி வந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கடியில் உரக்கப் படிக்க, லயத்தார் சுற்றி உட்கார்ந்து கேட்ட நூல்களில் ஒன்று. முருங்கை மரத்து வேதாளம் அவர்களுக்கு அயலான் அன்று. இரத்தம் குடிப்பதைவிட விடுகதை போடுவதில் விருப்பமுள்ள பிசாசு அது. டிராகுலாவைக் காட்டிலும் நாகரிகமுள்ளது என்பது எம் கட்சி.

திரைப்படத்தையும் ஒருவரியில் சொல்லிவிடலாம். 1957இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்து ஓகோவென்று ஓடிய 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர், முன்னாளில் தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ். மலாய்ப் பேய்க்குத் திரையில் உயிர் தந்த கை அது.

இனி நம் குறை. மலாய் மக்களின் பேய் நம்பிக்கைகளை எழுதிவைக்கப் பலர் இருந்தனர். அப்துல்லா எழுதினார், பேர்ட் எழுதினார், 1900இல் ஸ்கீட் என்ற அதிகாரி 'மலாய் மந்திரம்' என்று பெருநூலே எழுதினார். அதனால்தான் லண்டனில் ஒரு நாவலாசிரியர் அதில் ஒரு துளியை எடுத்துக்கொள்ள முடிந்தது. தோட்டத் தமிழரின் காட்டேரிக்கும் முனியாண்டிக்கும் அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. துரைமார் பிரட்டுக் கணக்கும் பால் கணக்கும் எழுதினர். கிராணிமார் அதைப் படியெடுத்தனர். லயத்து இரவில் என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதவில்லை. இப்போதோ சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. செண்டாயானில் மரம் சீவிய நிலத்தில் இன்று புது நகரம் நிற்கிறது. சாலை ஓரத்து முனி கோயில் இடம் மாறினால், அந்த முனி எந்த மரத்தில் எப்போது யாருக்குக் காட்சி தந்தது என்ற கதை கூடவே இடம் மாறுவதில்லை. மரத்தோடு அது போய்விடுகிறது. சொல்லத் தெரிந்த பாட்டிமாரும் குறைந்து வருகிறார்கள்.

பெட்டிக்கு இடம் சொல்ல வேண்டுமல்லவா? லிங்கிக் கரையில் பெங்காலான் கெம்பாஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஷேக் அகமது மஜ்னுனின் கல்லறையும், 1467ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும், வாள், சுக்கான் வடிவாகச் செதுக்கிய நெட்டைக் கற்களும் உள்ளன. ஊரார் அவற்றை 'பாத்து ஹீடுப்', உயிருள்ள கல், என்பர். வளர்கின்றன என்றும் நம்புவர். துளையுள்ள ஒரு கல்லில் கையை விட்டுப் பொய்யுரைத்தால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று கதை. பேய்க்கதை ஆசிரியர் ஒருவர் இதைக் கண்டிருந்தால் விட்டிருப்பாரா? புனிதமான இடமாதலால் கற்களின் நடுவே எதையும் ஒளித்து வைப்பது தகாது. காப்போரின் இசைவு பெற்று, சற்று விலகி, பேர்ட் அம்மையாரின் படகு போன ஆற்றைப் பார்த்தாற்போல வைக்கலாம்.

உள்ளே டிராகுலாவின் மலிவுப் பதிப்பு ஒன்று, பெனங்கலான் வரும் பக்கத்தின் படி ஒன்று, ஓர் எழுதுகோல். ஏடு மட்டும் தடித்ததாக இருக்கட்டும். கண்டெடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிப் போனால் போதாது. தம் தோட்டத்தின் பெயரை எழுதி, அதன் கீழே பாட்டி சொன்ன காட்டேரிக் கதையையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ரந்தாவ்க்காரர் ஒருவர் முதற்பக்கத்தைத் தொடங்கினால் நல்லது.